கூட்டல், பெருக்கல், வகுத்தல்

இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் புறநானூற்றின் 249ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். கணவனை இழந்த பெண் ஒருத்தி அவனுக்குப் படையல் வைக்கிறாள். முறம் அளவே உள்ள ஒரு சிறிய இடத்தை ஒதுக்கி, சாணம் இட்டு மெழுகுகிறாள். மெழுகுவதற்கான நீராக அவள் கண்ணீரே அமைகிறது.

“இந்தப் பெண் என்ன செய்கிறாள்?” என்று கேட்டேன். “அழுறாங்கம்மா” என்றார்கள் பலர். ஒருத்தி “தாபத நிலை” என்று துறையையே சொன்னாள். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி மெதுவாக, “தரை மெழுகுறாம்மா” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன்.

வீடு திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது. அந்த வகுப்பில் சரியாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். நான் எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் பாடலில் கண்ணீரை மட்டுமே நடத்தி வந்திருக்கிறேன். அழும்போதும் ஓயாத கையை நடத்தியதே இல்லை. துக்கம் நடந்த வீட்டிலும் தரையை யாராவது மெழுகத்தான் வேண்டும். அந்த யாராவது யார் என்பதில் நம் இலக்கியத்துக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை.

வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பதற்கு வரலாறு உண்டா? அரண்மனைக்கு உண்டு, கோயிலுக்கு உண்டு. வீடு பெருக்குவதற்கு என்ன வரலாறு, தினமும் நடப்பதுதானே என்று தோன்றலாம். தினமும் நடப்பது என்பதாலேயே அது எழுதப்படாமல் போயிற்று. பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் குடியிருப்பு வருகிறது. சாணத்தால் மெழுகிய வீடு என்று அந்தத் தரையைப் புலவர் கவனித்துச் சொல்கிறார். மெழுகிய வீடு பாட்டில் இருக்கிறது. மெழுகியவர் இல்லை. நம் வீடுகளின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

சொற்களிலிருந்து தொடங்கலாம். தமிழில் தரையைச் சுத்தம் செய்வதைக் கூட்டுதல் என்கிறோம், பெருக்குதல் என்கிறோம். கணக்குப் பாடத்தில் இருக்கும் அதே இரண்டு சொற்கள். கருவிக்கோ ஊருக்கு ஒரு பெயர்: துடைப்பம், விளக்குமாறு, வாரியல், சீமாறு. விளக்குதல் என்றால் துலங்கச் செய்தல். பாத்திரம் விளக்குகிறோம், பல் விளக்குகிறோம். இருட்டில் ஒளி தருவதும் விளக்கு, பொருள் சொல்வதும் விளக்கம். இவ்வளவு நல்ல வேர் கொண்ட சொல் எப்படி வசவாயிற்று? “விளக்குமாத்தால அடிப்பேன்” என்பதைவிடக் கேவலமான மிரட்டல் தெருச்சண்டையில் குறைவு. கருவி இழிவானதற்குக் காரணம் அது தொடும் அழுக்கு மட்டும் இல்லை. அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதும்தான்.

இதே கருவி கோயிலுக்குள் போனதும் திருவலகு ஆகிவிடுகிறது. பெருக்குவது திருவலகிடுதல், மெழுகுவது திருமெழுக்கு. திருவதிகைக் கோயிலில் வைகறையில் பெருக்கி, மெழுகி, பூப்பறித்துத் தொண்டு செய்தவர் திலகவதியார் என்று பெரியபுராணம் சொல்கிறது. சமணத்திலிருந்து திரும்பி வந்த தம்பியைச் சைவத்துக்குள் ஏற்றுக்கொண்டவர் அவர்தான். தம்பி திருநாவுக்கரசர் கோயில்தோறும் சென்று புல் செதுக்கினார். அவருடைய சிலைகளில் எல்லாம் உழவாரப்படை இருக்கிறது. இன்றும் கோயிலைச் சுத்தம் செய்யும் குழுக்கள் தங்கள் வேலைக்கு உழவாரப்பணி என்று பெயர் வைத்துக்கொள்கின்றன. தம்பி அறுபத்து மூவரில் ஒருவர். அக்காள் அந்தக் கணக்கில் இல்லை. ஆண் கையில் எடுத்த துப்புரவுக் கருவி தொண்டின் அடையாளம் ஆனது. பெண்ணின் துடைப்பம் அன்றாடத்தில் கலந்து மறைந்தது.

இன்னொன்றும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் திருமெழுக்குப்புறம் என்ற சொல் வருகிறது. கோயிலை மெழுகும் பணிக்காக ஒதுக்கிய நிலம் அது. அதாவது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் தரை மெழுகுவது ஒரு பணி என்றும், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்குத் தெரிந்திருந்தது. சாமியின் வீட்டில் அது ஊதியம் உள்ள வேலை. ஆசாமியின் வீட்டில் அது மனைவியின் குணம்.

அந்தக் குணத்துக்கு ஒரு நாட்காட்டி இருந்தது. என் அப்பாயி வீட்டில் அதைப் பார்த்து வளர்ந்தேன். தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர். முன்கட்டு சிமெண்ட், பின்கட்டு மண்தரை. விடியுமுன் வாசல் கூட்டிச் சாணி தெளித்துக் கோலம். பிறகு அடுப்புச் சாம்பல் அள்ளுவது, முந்தின இரவின் பாத்திரங்கள், உள்வீடு பெருக்குவது. மதியச் சமையல் முடிந்ததும் அடுப்படி மெழுகுவது. பொழுது சாய்ந்து விளக்கு வைப்பதற்குள் மறுபடி ஒருமுறை பெருக்கிவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் இலட்சுமி போய்விடுவாள் என்பார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் மங்கலில் மூக்குத்தியின் திருகாணி குப்பையோடு போய்விடும் என்பது அப்பாயி சொன்ன காரணம். அப்பாயியின் காரணங்கள் பெரும்பாலும் இப்படிக் கையில் பிடிக்கக்கூடியவையாக இருக்கும்.

வாரத்துக்கென்று தனிக் கணக்கு. செவ்வாயும் வெள்ளியும் வீடு முழுவதும் மெழுக வேண்டும். வெள்ளிக்காக வியாழன் மாலையே குத்துவிளக்கும் செம்பும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வைக்க வேண்டும். அமாவாசைக்கு முன்னால் பரண். ஆயுத பூசைக்கு அரிவாள்மனையிலிருந்து நெல் அளக்கும் மரக்கால் வரை. பொங்கலுக்கு ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, போகியில் பழையதைக் கொளுத்துவது. நாள், வாரம், மாதம், ஆண்டு என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ஒழுங்கு அது. இன்று எதை முதலில் செய்வது என்ற குழப்பம் அவரிடம் இல்லை. எதற்கும் நாள் குறித்திருந்தது. தூய்மையான வீட்டுக்கு வழி சிறிதாகத் தினமும், கொஞ்சம் பெரிதாக வாரம் ஒருமுறை என்று இப்போது யாராவது புதிதாகச் சொல்லித் தரும்போது அப்பாயியைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அதில் அறிவும் இருந்தது. மண்தரை காய்ந்தால் வெடிக்கும், புழுதி கிளம்பும். வாரம் இருமுறை மெழுகியதற்கு அதுதான் அடிப்படை. சாணத்தில் எவ்வளவு தண்ணீர், கரித்தூள் எவ்வளவு, எந்த மூலையில் தொடங்கினால் ஈரத்தில் மிதிக்காமல் வாசற்படி வழியாக வெளியே வரலாம் என்பதெல்லாம் அப்பாயியின் கைக்குத் தெரியும். வலக்கை அரைவட்டம் அரைவட்டமாகப் போய்வரும். காய்ந்ததும் தரையில் செதில் செதிலாக அந்தக் கை தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாத அவர் வாரம் இருமுறை அந்தத் தரை முழுவதும் எழுதினார் என்று நான் ஒரு கவிதையில் எழுதியிருக்கிறேன். இப்போது அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாயி எழுதவில்லை, மெழுகினார். குந்தி உட்கார்ந்தே நகர்ந்து நகர்ந்து மெழுகியதில் அறுபது வயதில் அவருடைய முழங்கால்கள் மடங்க மறுத்தன. உவமை சொல்லி அந்த வலியை அழகாக்கியது நான்தான்.

அந்த நாட்காட்டியில் இன்னொரு கணக்கும் இருந்தது. மாதம் மூன்று நாள் அதே பெண் எதையும் தொடக்கூடாது. கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் பாயும் சொம்புமாக ஒதுங்கியிருக்க வேண்டும். நான்காம் நாள் குளித்து, அந்தப் பாயையும் சொம்பையும் கழுவி வைத்துவிட்டு மறுபடி துடைப்பத்தை எடுக்க வேண்டும். வீட்டைத் துலக்குபவளே மூன்று நாள் வீட்டின் அழுக்கு. அழுக்கு வேறு, தீட்டு வேறு. அழுக்கு தண்ணீரில் போகும். தீட்டு, யார் யாரைத் தொடலாம் என்ற ஆணை. நம் வீடுகளின் தூய்மை இந்த இரண்டையும் ஒரே வாளியில் கரைத்து வைத்திருந்தது.

தொழுவத்துக்குப் போனால் இது இன்னும் தெளிவாகும். மெழுகுவதற்கான சாணம் எங்கிருந்து வந்தது? மாட்டுத் தொழுவத்திலிருந்து. தொழுவத்தைக் கூட்டிச் சாணம் அள்ளியவர் அப்பாயி இல்லை. சேரியிலிருந்து வந்த ஒரு பெண். அவர் அள்ளிய சாணம் எங்கள் வீட்டின் நடுக்கூடம் வரை வந்தது. அவர் கொல்லைப் படலைத் தாண்டியதில்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோதுதான் தொழுவத்துப் பக்கத்திலிருந்து இந்த வரலாற்றை முதன்முறையாகப் படித்தேன். நாயக்கர் வீடுகளில் வேலை செய்த பாட்டிகளுக்கு மிச்சச் சோறு எப்படித் தொடாமல் போடப்பட்டது என்று பாமா எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு எங்கள் கொல்லைப் படல் நினைவுக்கு வந்தது. பெண் என்ற ஒரே சொல்லுக்குள் அப்பாயியையும் அந்தப் பெண்ணையும் சேர்த்துவிட்டு வீட்டுவேலையின் வரலாறு எழுத முடியாது.

நகரத்தில் இதற்கு வேறு உருவம். பழைய நகர வீடுகளின் பின்னால் ஒரு ஒடுங்கிய சந்து போகும். எடுப்புக் கக்கூஸை அந்தச் சந்து வழியாக வந்து அள்ளிச் சென்றார்கள். முன்வாசலில் கோலம் போட்ட வீடு, பின்வாசலில் தன் கழிவை இன்னொருவர் தலையில் ஏற்றியது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் வந்தது. அது போதவில்லை என்று 2013இல் இன்னொரு சட்டம். பாதாளச் சாக்கடைக்குள் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததற்குப் பொருள், இறப்பு நிற்கவில்லை என்பதுதான். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தை 2017இல் பார்த்தவர்கள் அதில் பேசும் பெண்களின் முகங்களை மறந்திருக்க மாட்டார்கள். நம் வீட்டுச் சுத்தம் நம் வாசலோடு முடிவதில்லை. அழுக்கு மறைவதும் இல்லை. கூட்டிப் பெருக்கிக் கழித்ததை எல்லாம் யாரோ ஒருவர் சுமக்கிறார்.

இதற்கிடையில் வீட்டுவேலை பாடப்புத்தகத்துக்குள் நுழைந்தது. 1932இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரியை அகில இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. 1957இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி வந்தது. மனையியல் படித்து ஆசிரியர்களாகவும் ஊட்டச்சத்து வல்லுநர்களாகவும் பல பெண்கள் வெளியுலகுக்கு வந்தார்கள். அது சிறிய விஷயம் இல்லை. வீட்டுக்குள் இருப்பதும் அறிவுதான் என்று ஒரு பட்டம் ஒத்துக்கொண்டது. ஆனால் அந்த வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள் பெண்கள் மட்டுமே. நான் படித்த பள்ளியிலும் பெண்களுக்கு மனையியல் என்றால் ஆண்களுக்கு விளையாட்டு வகுப்பு. துடைப்பத்துக்கு விஞ்ஞானம் வந்தது, கை மாறவில்லை.

பிறகு தரை மாறியது. மண்தரை போய்ச் சிவப்பு ஆக்சைடு, மொசைக், இப்போது டைல்ஸ். குந்தி மெழுகிய முதுகு நிமிர்ந்து மாப் பிடித்தது. வேலை குறைந்ததா? ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் அமெரிக்க வீடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விறகு பிளப்பது, கம்பளத்தை வெளியே எடுத்துத் தட்டுவது என்று ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகளை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. அவற்றோடு வந்த புதிய தூய்மையின் அளவுகோல் பெண்ணின் தலையில் ஏறியது என்று அதில் காட்டினார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தது தாத்தாவும் சித்தப்பாக்களும். இப்போது பெயின்ட் அடிக்கச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் வருகிறார்கள். ஆண்களுக்கு அந்த ஒரு வேலையும் இல்லை. மண்தரையை வாரம் இருமுறை மெழுகினால் போதும். யாரும் அதில் முகம் பார்க்க எதிர்பார்த்ததில்லை. வெள்ளை டைல்ஸ் ஒரு தலைமுடியைக்கூடக் காட்டிக்கொடுக்கும். அதனால் தினமும் துடைக்கிறோம்.

எவ்வளவு நேரம் என்பதற்கு இப்போது எண் இருக்கிறது. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. சமையல், துப்புரவு, துவைப்பு என்று ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடங்களும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று மகிழலாம். ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆகியிருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு நிமிடம். அதுவும் இது வேலையில் கைவைத்தவர்களின் கணக்கு மட்டுமே. 2019இல் பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த நாளில் வீட்டுவேலை செய்திருந்தார்கள். ஆண்களில் 26 பேர்.

சட்டமும் மெதுவாகக் கண் திறக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சை எடுப்பவர்களோடும் சிறைக்கைதிகளோடும் சேர்த்து, வேலை செய்யாதவர் என்ற வகையில் வைத்ததை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், கணவன் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்ததற்கு வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் காரணம், அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மகளிர் உரிமைத் தொகையை மாதம் ஆயிரம் ரூபாய் என்று தொடங்கியது. உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயரிட்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. திருமெழுக்குப்புறத்துக்குப் பிறகு இவ்வளவு காலம் கழித்து இந்த வேலைக்கு ஒரு ஈடு பற்றி அரசு பேசுகிறது. நாளுக்கு 289 நிமிடம் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 144 மணி நேரம். ஆயிரம் ரூபாயை வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. தொகையைக் குறை சொல்லவில்லை. வேலை எவ்வளவு பெரியது என்று அந்த வகுத்தல் காட்டுகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் வீட்டைச் சொல்லாமல் விட முடியாது. என் முனைவர் பட்ட ஆய்வேடு சங்கப் பாடல்களில் பெண்ணின் வெளி பற்றியது. அதை எழுதிய நான்கு ஆண்டும் எங்கள் வீட்டைப் பெருக்கித் துடைத்தவர் ஓர் அக்கா. நன்றியுரையில் நெறியாளர், நூலகர், கணவர், மாமியார் எல்லோரும் இருக்கிறார்கள். அந்த அக்கா இல்லை. எனக்குக் கிடைத்த நேரம் அவருடைய நேரம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007இலிருந்து நலவாரியம் இருக்கிறது. அதில் அவர் பெயரைப் பதிந்திருக்கிறாரா என்று நான் கேட்டதில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 2011இல் வந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. வகுப்பில் இதைச் சொல்லி அரசைக் குறை கூறியிருக்கிறேன். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆதரித்துப் பேசுவேன், கையெழுத்துப் போட மாட்டேன்.

2020 ஊரடங்கில் அவர் வர முடியவில்லை. சம்பளத்தை அனுப்பிவிட்டு நானே துடைப்பத்தை எடுத்தேன். மூன்றாம் வாரம் என் கணவர் கூடத்தைப் பெருக்கினார். மாமியார் பதறி வந்து அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி என்னிடம் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர், “சார் ரொம்பக் கிரேட்” என்றார். கழிவறையை மட்டும் யார் கழுவுவது என்ற பேச்சே எழவில்லை. அதுவரை மாதம் இருமுறை ஆசிட் பாட்டிலோடு ஒருவர் வருவார். அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. ஊரடங்கின் முதல் மாதத்தில் எங்கள் கழிவறையை நான் கழுவியபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. என் வீட்டுக் கழிவறையை நான் முதன்முறையாகக் கழுவினேன்.

அக்கா திரும்ப வந்ததும் கேட்டேன், “உங்க வீட்ட எப்பக்கா பெருக்குவீங்க?”

“காலைல நாலரைக்கு டீச்சரம்மா. உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி. வெள்ளிக்கிழமைன்னா முந்தின ராத்திரியே தொடச்சிருவேன்.”

“கூடமாட யாரும் செய்ய மாட்டாங்களா?”

“சின்னப் பொண்ணு செய்யும்.”

“பெரியவன்?”

அவர் சிரித்தார். என் வீட்டில் இருந்த அதே சிரிப்பு.

இப்போது எங்கள் சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தினம் பெருக்குவது, துடைப்பது, சனிக்கிழமை ஒட்டடை, ஞாயிற்றுக்கிழமை கழிவறை. அப்பாயியின் நாட்காட்டிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர். கழிவறை என் மகனுக்கு. அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை. நலவாரியத்தில் இருவரும் போய்ப் பதிந்துவிட்டு வந்தோம். எல்லாம் சரியாகிவிடவில்லை. தாளை எழுதுவதும், நினைவூட்டுவதும், செய்யாததைக் கண்டுபிடிப்பதும் இன்னும் நான்தான். அந்த வேலைக்கு நேராகப் பெயர் எழுத இடமே விடவில்லை என்று பிறகுதான் பார்த்தேன்.

கூட்டவும் பெருக்கவும் நம் வீடுகளுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. கழித்ததை இன்னொருவர் மேல் ஏற்றவும் பழகியிருக்கிறோம். பழகாதது வகுத்தல் ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு அதே பாடலுக்கு வந்தபோது நடத்துவதற்கு முன்னால் எல்லோரையும் ஒரு தாள் எடுக்கச் சொன்னேன். காலையில் எழுந்ததிலிருந்து கல்லூரிக்கு வரும்வரை என்னென்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னேன். பெண்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள், சிலர் தாளைத் திருப்பினார்கள். பையன்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, “இந்தப் பெண் என்ன செய்கிறாள்?” என்று கேட்டேன். முதல் வரிசையிலிருந்தே பதில் வந்தது.